முழங்காலுக்கு மேல் தண்ணீர்

ஆகஸ்ட் 9, வெள்ளி

மாதா கோவில் திருவிழா முடிந்து நான்கு நாள் ஆகிறது. பேக்கரியில் ஆர்டர் குறைந்துவிட்டது. காற்றில் ஈரம் இல்லாததால் முட்டை வெள்ளை சீக்கிரமே நுரைத்து நின்றது. மக்ரூன் வெடிப்பில்லாமல் எழுந்தது. இந்த டைரியை இதற்காகத்தான் வைத்திருக்கிறேன். என்றைக்குக் காற்று எப்படி, அடுப்பு எப்படி என்று குறித்து வைத்தால் அடுத்த வருடம் உதவும். இன்று வேறு ஒன்றையும் எழுதத் தோன்றுகிறது.

பதினொரு மணி வாக்கில் ஒரு கப்பல்காரர் கடை வாசலில் நின்று பெயர்ப்பலகையையே பார்த்துக்கொண்டிருந்தார். நிலக்கரி இறக்க வந்த கப்பலில் வேலை செய்கிற பிலிப்பைன்ஸ்காரர், பெயர் ரொடெல், முப்பது வயது இருக்கும். உள்ளே வந்து, பலகையில் இருப்பது யார் பெயர் என்று கேட்டார். என் குடும்பப் பெயர்தான், நான் கஸ்பார் சுமெல்தா என்றேன். அவர் பையிலிருந்து கப்பல் வேலைக்கான தன் அடையாளப் புத்தகத்தை எடுத்து விரித்துக் காட்டினார். ரொடெல் சுமெல்தா பச்சேக்கோ. அவர்கள் ஊரில் நடுவில் வருவது அம்மாவின் குடும்பப் பெயராம். ஆங்கிலத்தில் முதல் எழுத்து இசட்டிலிருந்து கடைசி எழுத்து வரை எங்கள் பெயர்தான்.

அவர் சிரித்துவிட்டார். நானும் சிரித்தேன். எனக்குத் தெரிந்த ஆங்கிலமும் அவருக்குத் தெரிந்த ஆங்கிலமும் எப்படியோ ஒத்துப்போயின. பலகைக்குக் கீழே என்னை நிறுத்திப் படம் எடுத்துக்கொண்டார். அரை கிலோ மக்ரூன் கட்டிக் கொடுத்தேன்.

கிளம்பும்போது, கப்பலில் இருக்கிறீர்களே, நன்றாக நீந்துவீர்களா என்று சும்மா கேட்டேன். வேலைக்குச் சேரும் முன் பயிற்சிக்காக ஒரே ஒரு நாள் குளத்தில் குதித்ததாகவும், அன்று முழுவதும் அவருடைய அம்மா பச்சைத் தண்ணீர் குடிக்காமல் ஜெபமாலையோடு இருந்ததாகவும் சொன்னார். அம்மா வீட்டாருக்குத் தண்ணீர் ஆகாதாம்.

மத்தியானம் இரண்டு தட்டு கருகிவிட்டது. அடுப்பில் குறை ஒன்றும் இல்லை.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

பூசைக்குப் போய் வந்தோம். அந்தக் கப்பல்காரரின் நினைவாகவே இருக்கிறது.

தூத்துக்குடியில் எங்கள் பெயர் உள்ளது மூன்றே வீடு. ஒன்று நாங்கள். இரண்டாவது பெரியப்பா மகன் தொபியாஸ் அண்ணன். மூன்றாவது வீட்டார் சென்னைக்குப் போய்விட்டார்கள். எந்த அலுவலகத்துக்குப் போனாலும் சுமெல்தா என்பதைப் பெண் பெயர் என்று நினைத்து, "அவங்களை வரச் சொல்லுங்க" என்பார்கள்.

போர்ச்சுகீசியர் காலத்தில் ஞானஸ்நானம் கொடுக்கும்போது பக்கத்தில் நின்ற வெள்ளைக்கார ஞானத்தகப்பனின் பெயரைத்தான் நம் ஆட்களுக்கு வைத்தார்கள், பெயர் வந்ததே தவிர ரத்தம் எதுவும் வரவில்லை என்று அப்பா சொல்வார். அதில் அவருக்கு ஒரு பிடிவாதம் உண்டு. இன்னொரு பிடிவாதமும் உண்டு. இந்தக் கடற்கரையில் எல்லா வீட்டிலும் கடல் தொழில் இருந்தது. எங்கள் வீட்டில் மட்டும் தையல்காரர், கணக்குப்பிள்ளை, பேக்கரி. குளிக்கக்கூட யாரும் கடலில் இறங்கியதில்லை. "முழங்காலுக்கு மேல தண்ணி நமக்கு இல்ல" என்பார் அப்பா. அவருக்கு அவர் அப்பா சொன்னது. ஏன் என்று கேட்டால் அவருக்கும் தெரியாது.

ஆகஸ்ட் 22, வியாழன்

மகள் பெனிட்டா பள்ளியிலிருந்து ஏழு மணிக்கு வந்தாள். பதினொன்றாம் வகுப்பு என்பதால் ஸ்பெஷல் கிளாஸாம். தலைமுடி ஈரமாக இருந்தது. பக்கத்தில் வந்து டீ கொடுத்தபோது பிளீச்சிங் பவுடர் வாசனை அடித்தது. அவள் அம்மா ரெஜினா கவனித்ததாகத் தெரியவில்லை. நான் ஒன்றும் கேட்கவில்லை.

ஆகஸ்ட் 28, புதன்

முட்டை வாங்க ஸ்டேடியம் வழியாகப் போனேன். சுற்றுவழிதான், ஆனாலும் அந்தப் பக்கம் மரநிழல் உண்டு.

செப்டம்பர் 3, செவ்வாய்

சர்க்கரை மூட்டையை மாடிக்கு ஏற்றும்போது படியில் கொஞ்சம் உட்கார்ந்தேன். ரெஜினா வந்து பார்த்துவிட்டு மயங்கிக் கிடந்ததாகச் சொல்கிறாள். மயங்கவில்லை. காலையில் சாப்பிடாமல் அடுப்புப் பக்கம் நின்றால் யாருக்கும் இப்படி வரும். போன வருடம் வந்ததும் இதே மாதிரி சூட்டில்தான். டாக்டரிடம் போக வேண்டும் என்று மதியம் முழுவதும் சொல்லிக்கொண்டிருந்தாள். போகலாம் என்றேன்.

செப்டம்பர் 12, வியாழன்

கடையின் ஈமெயிலுக்கு ஒரு கடிதம் வந்திருக்கிறது. பெனிட்டா படித்துத் தமிழில் சொன்னாள். எழுதியவர் இனெஸ் சுமெல்தா என்கிற அம்மாள், இதய மருத்துவர். தென் அமெரிக்காவில் சிலி நாட்டின் தெற்குக் கோடியில் ஒரு தீவில் பிறந்தவர். ரொடெல் எடுத்த படம் இணையத்தில் சுற்றி அவர் கண்ணில் பட்டிருக்கிறது. பதினான்கு வருடமாக இந்தப் பெயர் உள்ளவர்களைத் தேடுகிறாராம். இதுவரை கண்டுபிடித்தவர்கள் இரண்டு நாடுகளில் இருநூற்றுச் சொச்சம் பேர். இந்தியாவில் ஒருவர் இருப்பார் என்று அவர் நினைத்ததே இல்லையாம்.

ஏதோ பரம்பரைச் சொத்து என்று ஏமாற்றுகிற கூட்டமாக இருக்கும் என்றாள் ரெஜினா. ஆனால் அந்த அம்மாள் எதையும் தருவதாகவும் சொல்லவில்லை, கேட்கவும் இல்லை. சில கேள்விகள் மட்டும் இருந்தன. உங்கள் குடும்பத்தில் ஓடும்போதோ பாரம் தூக்கும்போதோ மயங்குகிறவர்கள் உண்டா? வலிப்பு என்று சொல்லப்பட்ட பிள்ளைகள் உண்டா? நீந்தத் தெரிந்திருந்தும், அலையில்லாத தண்ணீரில் மூழ்கி இறந்தவர்கள் உண்டா?

"யாரும் இல்லன்னு எழுது" என்றேன்.

பெனிட்டா என்னைப் பார்த்தாள். "யாருமே இல்லையாப்பா?"

"இல்ல."

எழுதி அனுப்பிவிட்டாள்.

செப்டம்பர் 13, வெள்ளி

லம்பெர்ட். இந்த டைரியில் இந்தப் பெயரை முதல் தடவையாக எழுதுகிறேன்.

செப்டம்பர் 18, புதன்

ஈரம் அதிகம். மக்ரூன் தட்டில் ஒட்டிக்கொண்டது. முட்டை வாங்கிவிட்டு ஸ்டேடியம் வழியாக வந்தேன். நீச்சல் குளத்தின் கம்பி வேலிக்கு வெளியே நின்றால் உள்ளே தெரியும். பெண் பிள்ளைகள் ஆறு பேர் நீந்திக்கொண்டிருந்தார்கள். நீலத் தொப்பி போட்ட ஒருத்தி மற்றவர்களை விட்டு வெகு தூரம் முன்னால் போய்விட்டாள். கையைத் தூக்கிப் போடும் அழகே தனி. அவள் சுவரைத் தொட்டு நிமிர்ந்து, மூச்சு வாங்கி, சிரிக்கும் வரை நின்று பார்த்தேன். வீட்டுக்கு வந்தபோது பதினெட்டு முட்டை உடைந்திருந்தது. முட்டைத் தட்டை நெஞ்சோடு இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறேன்.

செப்டம்பர் 21, சனி

இனெஸ் அம்மாவிடமிருந்து இன்னொரு கடிதம், கூடவே ஒரு வம்சப் படம். பெனிட்டா அதை ஜெராக்ஸ் கடையில் எட்டுத் தாளில் எடுத்து ஒட்டிக்கொண்டு வந்தாள். மாவு பிசையும் மேசையைத் துடைத்துவிட்டு விரித்தோம். மேசை போதவில்லை. விளிம்பிலிருந்து தாள் தொங்கியது.

அதில் கண்டதை மறக்கும் முன் எழுதிவிட வேண்டும்.

ஸ்பெயின் நாட்டின் வடக்கே ஒரு மலைப்பள்ளத்தாக்கு. அங்கே ஆற்றோரத்தில் கூடை முடைய உதவும் ஒரு செடி வளரும். அந்தச் செடிகளுக்கு நடுவே இருந்த ஒற்றை வீட்டுக்குப் பெயர் சுமெல்தா. அந்தப் பக்கத்தில் வீட்டின் பெயரே அதில் இருப்பவர்களின் பெயராகிவிடுமாம். ஆகவே உலகத்தில் இந்தப் பெயர் உள்ள எல்லோரும் ஒரே கூரையிலிருந்து வந்தவர்கள். இன்று அங்கே கூரை இல்லை. கல் அடித்தளம் மட்டும் இருக்கிறது, ஆடு மேய்கிறது. ஸ்பெயினில் இந்தப் பெயரோடு ஒருவரும் இல்லை.

அந்த ஊர்ச் சர்ச் பதிவேட்டில், நானூறு வருடத்துக்கு முன்னால், இருபத்திரண்டு வருட இடைவெளிக்குள் அந்த ஒரு வீட்டில் ஐந்து பிள்ளைகள் ஆற்றில் இறந்ததாக இருக்கிறது. மூன்றாவது பிள்ளையின் பெயருக்குப் பக்கத்தில் பாதிரியார் ஒரு வரி கூடுதலாக எழுதியிருக்கிறார்: "தண்ணீர் அசையாமல் இருந்தது. பையன் நன்றாக நீந்துவான்." தாயின் பெயர் கத்தலினா. அவளுக்கு எழுதத் தெரியாது. மிஞ்சிய மூன்று மகன்களும் ஊரைவிட்டுப் போய்விட்டார்கள். ஒருவன் மெக்சிகோ வழியாக மணிலாவுக்கு. ஒருவன் சிலிக்கு. மூன்றாமவன் ஹுவான், லிஸ்பனில் போர்ச்சுகீசியக் கப்பலில் ஏறினான். அப்போது இரண்டு நாட்டுக்கும் ஒரே ராஜா என்பதால் ஏற விட்டிருக்கிறார்கள். அவன் எங்கே போனான் என்று இனெஸ் அம்மாவுக்குப் பல வருடம் தெரியவில்லை. என் கடைப் படத்தைப் பார்த்தபின் தேடியதில் ஒரு கப்பல் தலைவனின் கடிதம் கிடைத்தது: முத்துக் குளிக்கும் கரையில் காய்ச்சலோடு இறக்கிவிடப்பட்டான், பிழைத்து அங்கேயே மணம் செய்துகொண்டான்.

அங்கே என்றால் இங்கே. அப்பா சொன்னது தவறு. பெயரோடு ரத்தமும் வந்திருக்கிறது.

மாவு ஒட்டிய என் கையை அந்த மூன்றாவது கோட்டின் மேல் வைத்துப் பார்த்தேன். கோடு கீழே வரவரப் பெயர் எதுவும் இல்லாமல் வெறுமையாக இருந்தது, கடைசியில் ஒரு கேள்விக்குறி, அதன் பக்கத்தில் என் கடையின் பெயர்.

கடிதத்தின் கடைசிப் பகுதியை பெனிட்டா மெதுவாகப் படித்தாள். இனெஸ் அம்மாவின் தம்பி பதினோரு வயதில், ஏரியில், இடுப்பளவு தண்ணீரில் இறந்தானாம். அதனால்தான் அவர் இதய மருத்துவம் படித்தாராம். அவர்கள் தீவில் எல்லோரும் மீன் பிடிப்பவர்கள். சுமெல்தாக்கள் மட்டும் உருளைக்கிழங்கு போடுகிறார்கள். முழங்காலைத் தாண்டிய தண்ணீர் நம்முடையது அல்ல என்று பிள்ளைகளுக்குச் சொல்லி வளர்ப்பார்களாம். ரொடெலின் அம்மாவும் அவர்கள் பாஷையில் இதையேதான் சொல்கிறாராம். "இதைச் சொன்னவள் கத்தலினாதான் என்பதற்கு என்னிடம் ஆதாரம் இல்லை. ஆனால் இரண்டு கடலுக்கு அப்பால் இரண்டு குடும்பம் ஒரே வாசகத்தைத் தனித்தனியாகக் கண்டுபிடித்திருக்கும் என்று நம்ப முடியவில்லை. உங்கள் வீட்டில் ஏதாவது சொல்வது உண்டா?"

பெனிட்டா நிமிர்ந்தாள். அவளும் தாத்தாவின் மடியில் இருந்து அதைக் கேட்டவள்தான். எழுதத் தெரியாத ஒரு தாய் மகன்களைக் கப்பலேற்றிவிடும்போது சொல்லி அனுப்பிய ஒரு வார்த்தை, நானூறு வருடம் வாயிலிருந்து வாய்க்கு வந்து, தமிழாகி, என் வீட்டு அடுக்களையில் கிடந்திருக்கிறது.

செப்டம்பர் 22, ஞாயிறு

பூசைக்குப் போகவில்லை. ரெஜினாவையும் பெனிட்டாவையும் மேசைக்கு எதிரே உட்காரச் சொன்னேன்.

"ஏட்டி, அந்த டாக்டருக்கு நான் பொய் எழுதச் சொன்னேன்" என்றேன்.

லம்பெர்ட் என் தம்பி. காய்ச்சலில் இறந்ததாக இவர்களுக்குச் சொல்லியிருந்தோம். அவன் கடலில் இறந்தான் என்று ஊரில் வயதானவர்களுக்குத் தெரியும். யாருடன் போனான் என்று யாருக்கும் தெரியாது. எனக்கு அப்போது பதினான்கு, அவனுக்குப் பன்னிரண்டு. மற்ற பையன்கள் கேலி செய்தார்கள் என்று அப்பாவுக்குத் தெரியாமல் பழைய துறைமுகத்துப் பக்கம் போய் நீந்தக் கற்றுக்கொண்டேன். பிறகு அவனுக்கு நானே கற்றுக் கொடுத்தேன். ஒரே மாதத்தில் என்னைவிட நன்றாக நீந்தினான். அன்று கடல் குளம் மாதிரி கிடந்தது. தண்ணீர் அவன் மார்பு வரைதான். என்னைப் பார்த்து, யார் முதலில் என்று கத்திக்கொண்டு பாய்ந்தான். நாலு கை போட்டான். அவ்வளவுதான். விளையாடுகிறான் என்று நினைத்தேன்.

நான் வீட்டுக்கு ஓடி வந்து, சட்டையை மாற்றிக்கொண்டு, அவன் தனியாகப் போனான் என்று சொன்னேன். முப்பத்தெட்டு வருடம் அந்தப் பொய் அப்படியே நின்றது. அப்பா கடைசி வரை என்னை நம்பினார்.

ரெஜினா என் கையைப் பிடித்துக்கொண்டாள். பெனிட்டா தலை குனிந்திருந்தாள். பிறகு சொன்னாள்: "யப்பா, நான் ஸ்டேடியத்துல நீந்துதேன்."

"தெரியும்."

"மண்டலப் போட்டிக்கு எடுத்திருக்காவ." மேசையில் ஒட்டியிருந்த மாவைச் சுரண்டினாள். "போன மாசம் சுவரத் தொடுறதுக்கு முன்னால கண்ணு இருட்டிருச்சு. மிஸ்தான் தூக்குனாவ. சாப்பிடாம வந்ததால இருக்கும்னு சொன்னேன்."

நான் படியில் உட்கார்ந்ததற்குச் சொன்ன அதே காரணம்.

வேலிக்கு வெளியே நின்று ரசித்தேனே, அதை இன்று அவளிடம் சொல்லவில்லை. இங்கே எழுதுகிறேன். எனக்குத் தெரிந்திருந்தது. நான் தடுக்கவில்லை. லம்பெர்ட் மாதிரியே நீந்தினாள்.

செப்டம்பர் 23, திங்கள்

எல்லாவற்றையும் மறைக்காமல் எழுதி அனுப்பினோம். ஒரு மணி நேரத்தில் பதில். இன்றே நீச்சலை நிறுத்துங்கள் என்பது மட்டும் பெரிய எழுத்தில்.

செப்டம்பர் 30, திங்கள்

மதுரை. இதய மருத்துவர் நாச்சியார், சின்ன வயதுதான், இனெஸ் அம்மாவுடன் முன்னமே போனில் பேசியிருந்தார். படுக்க வைத்து ஒரு ஈ.சி.ஜி., எழுந்து நிற்க வைத்து ஒன்று, மாவு மில்லின் பெல்ட் மாதிரி ஓடும் இயந்திரத்தில் நடக்க வைத்து ஒன்று. காகிதத்தை விரித்து அளவுகோலால் அளந்து காட்டினார்.

இதயம் ஒரு துடிப்பு துடித்ததும் அடுத்ததற்குத் தன்னைத் தயார் செய்துகொள்ள ஒரு நேரம் எடுக்கும். எங்களுக்கு அந்த நேரம் ஒரு மயிரிழை அதிகம். சும்மா இருக்கும்போது ஒன்றும் ஆகாது. வேகமாக ஓடும்போது, முக்கியமாக நீந்தும்போது, தாளம் குலைந்து நின்றுவிடலாம். நீந்தத் தெரிந்தவனும் அந்த நொடியில் மூழ்குவான். பார்ப்பவர்களுக்குத் தண்ணீர் இழுத்துக்கொண்டது மாதிரி இருக்கும்.

இதற்கு மாத்திரை உண்டு என்றார். தினமும் சாப்பிட்டால் பெரும்பாலானவர்களுக்கு ஆயுசுக்கும் ஒன்றும் வராது. ரத்தம் எடுத்துச் சோதனைக்கு அனுப்பியிருக்கிறார். இனெஸ் அம்மா குடும்பத்தில் மரபணுவில் கண்டுபிடித்த அதே எழுத்துப்பிழை எங்களிடமும் இருக்கிறதா என்று பார்ப்பதற்கு.

பஸ்ஸில் திரும்பும்போது பெனிட்டா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டே வந்தாள்.

அக்டோபர் 4, வெள்ளி

இன்று மண்டலப் போட்டி. பெனிட்டா பள்ளிக்குப் போகவில்லை. நீலத் தொப்பியைக் கூடப் படிக்கும் பிள்ளையிடம் கொடுத்து அனுப்பிவிட்டாள். முந்திரி உடைக்க உதவிக்கு வாம்மா என்று கூப்பிட்டேன். கதவைத் திறக்காமலேயே, "உங்க பேரு எனக்கு வேண்டாம்பா" என்றாள்.

முந்திரி முழுவதையும் நானே உடைத்தேன்.

அக்டோபர் 26, சனி

சோதனை முடிவு. எனக்கு இருக்கிறது. பெனிட்டாவுக்கும் இருக்கிறது. சிலியில் இருப்பதும் மணிலாவில் இருப்பதும் இதுவேதான், ஒரே இடத்தில் ஒரே பிழை.

தொபியாஸ் அண்ணன் வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். அவர் பேசவிடவில்லை. "ஏலே, நான் சின்னவளுக்கு மாப்பிள்ளை பாத்துக்கிட்டிருக்கேன். வீட்டுல சீக்கு இருக்குன்னு நீயே ஊரெல்லாம் சொல்லப் போறியா?" என்றார். மதினி டீ கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போகாமல் கதவோரமாகவே நின்றார். நான் கிளம்பும்போது வாசல்வரை வந்து, மதுரை டாக்டரின் நம்பரைக் கேட்டு வாங்கிக்கொண்டார்.

நவம்பர் 2, சனி

கல்லறைத் திருநாள். லம்பெர்ட் கல்லறையைக் கழுவி, பூ வைத்து, மெழுகுவர்த்தி ஏற்றினோம். அவனைத் தண்ணீருக்குக் கூட்டிப் போனது நான்தான். அதை எந்த டாக்டரும் மாற்ற முடியாது. ஆனால் இத்தனை வருடமாக, நான் இன்னும் நாலு எட்டு வேகமாகப் போயிருந்தால் அவனைப் பிடித்திருப்பேன் என்று ஒரு கணக்குப் போட்டுக்கொண்டே இருந்தேன். அவன் மூழ்கும் முன்பே இதயம் நின்றிருக்கிறது. அந்தக் கணக்கு இன்று நின்றது. ரெஜினா என்னையும் லம்பெர்ட்டையும் விட்டுத் தள்ளிப் போய் நின்றுகொண்டாள். நான் அழுததை அவள் பார்த்திருப்பாள்.

நவம்பர் 3, ஞாயிறு

இனெஸ் அம்மா எல்லா நாட்டாரையும் வீடியோவில் சேர்த்துக் கூப்பிட்டார். எங்களுக்கு மாலை ஆறரை, சிலியில் காலை, மணிலாவில் படுக்கப்போகும் நேரம். திரையில் முப்பத்தொரு கட்டம். ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு சுமெல்தா. கறுப்பு, மாநிறம், வெள்ளை, கண் சிறுத்தவர்கள், மூக்கு நீண்டவர்கள். ஒருவருக்கொருவர் ஒரு ஜாடையும் இல்லை. ரொடெலின் அம்மா சக்கர நாற்காலியில் இருந்து கை அசைத்தார். ரொடெல் இப்போது கரையில் வேலை பார்க்கிறாராம்.

உங்கள் வீட்டு வாசகத்தைச் சொல்லுங்கள், உங்கள் பாஷையிலேயே சொல்லுங்கள் என்றார் இனெஸ் அம்மா. அவருக்கு ஐம்பது வயது இருக்கும், குட்டை முடி, சோர்ந்த முகம். அப்பா சொன்ன மாதிரியே சொன்னேன். "முழங்காலுக்கு மேல தண்ணி நமக்கு இல்ல."

தமிழ் ஒருவருக்கும் தெரியாது. எல்லோருக்கும் புரிந்தது. ரொடெலின் அம்மா தன் பாஷையில் சொன்னார். பிறகு சிலியில் ஒரு கிழவர் ஸ்பானிஷில் சொன்னார். பிறகு வரிசை தப்பி எல்லோரும் சொல்ல ஆரம்பித்தார்கள், குழந்தைகளும்கூட. ரெஜினா சிலுவை போட்டுக்கொண்டாள். கோவிலில்கூட நான் இப்படி நின்றதில்லை.

பெனிட்டா இத்தனை நேரமும் கதவுக்குப் பின்னால் நின்றிருக்கிறாள். சத்தம் அடங்கியதும் வந்து என் பக்கத்தில் நின்று ஆங்கிலத்தில் ஒன்று கேட்டாள். பிறகு எனக்குத் தமிழில் சொன்னாள்: "அந்தப் படத்துல பொம்பளப் பிள்ளைய எல்லாம் ஒரு சின்னக் கோட்டோட முடிஞ்சிருதாவ. கல்யாணம் ஆனதும் பேரு போயிருது. ஆனா இது போகாதுல்லா? அவிய பிள்ளைகளுக்கு யாரு சொன்னா?"

இனெஸ் அம்மா கண்ணாடியைக் கழற்றினார். பதினான்கு வருடமாகப் பெயரைத் தேடினேன், அந்தக் கோடுகளுக்குப் பின்னால் போகவே இல்லை என்றார். மன்னிக்க வேண்டும் என்று யாரிடமோ சொல்வது போலச் சொன்னார்.

நவம்பர் 12, செவ்வாய்

சர்ச் அலுவலகத்தில் பழைய கல்யாணப் பதிவேடுகளைப் பார்க்க அனுமதி கிடைத்தது. பெனிட்டா பள்ளி விட்டதும் நேராக அங்கே வந்துவிடுகிறாள். நான் பக்கம் திருப்புகிறேன், அவள் எழுதுகிறாள். பழைய கையெழுத்து, பூச்சி ஊர்ந்தது மாதிரி இருக்கிறது. நூற்றிருபது வருடத்தில் எங்கள் வீட்டிலிருந்து பத்தொன்பது பெண்கள் கல்யாணமாகிப் போயிருக்கிறார்கள். மணப்பாடு, வேம்பார், புன்னக்காயல், கொழும்பு. கடல் தொழில் செய்கிற வீடுகள். போன இடத்தில் அவர்கள் என்ன சொல்லியிருப்பார்கள், யார் கேட்டிருப்பார்கள்?

நவம்பர் 20, புதன்

மழை. மக்ரூன் போடவில்லை.

நவம்பர் 29, வெள்ளி

தொபியாஸ் அண்ணன் கடைக்கு வந்தார். மதினி அவருக்குத் தெரியாமல் இரண்டு பெண்களையும் மதுரைக்குக் கூட்டிப் போயிருக்கிறார். சின்னவளுக்கு ஒன்றும் இல்லை. கல்யாணமான பெரியவளுக்கு இருக்கிறது, நான்கு மாதக் கர்ப்பம். ஸ்டூலில் உட்கார்ந்து வெகு நேரம் தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சட்டைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்துக் கொடுத்தார். எங்கள் அத்தைமார் மூன்று பேரின் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள், எந்தெந்த ஊர் என்று எல்லாம் தன் கையால் எழுதியிருந்தார். "வேம்பாருக்கு நீயே போ. எனக்கு அங்க பேச வராது" என்றார்.

டிசம்பர் 8, ஞாயிறு

பெனிட்டாவும் நானும் வேம்பாருக்குப் போனோம். எங்கள் பட்டியலில் இப்போது உயிரோடு இருப்பவர்கள் நூற்று நாற்பத்தாறு பேர். எழுபது வேறு வேறு வீட்டுப் பெயர்கள். தெருவில் நடக்கும்போது ஒவ்வொரு வாசலையும் பார்த்துக்கொண்டே போனேன். யார் எங்கள் ஆள் என்று முகத்தைப் பார்த்து யாருக்கும் தெரியப்போவதில்லை.

கடலைப் பார்த்த வீடு. பிரிசில்லா என்கிற பெண், முப்பத்தைந்து வயது இருக்கும், மீன் கழுவிக்கொண்டிருந்தவள் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். வீட்டுக்காரர் தொழிலுக்குப் போயிருந்தார். என்ன சொல்லி ஆரம்பிப்பது என்று பஸ்ஸில் வரும் வழியெல்லாம் யோசித்தது எதுவும் வாயில் வரவில்லை.

"நான் தூத்துக்குடி கஸ்பார். உங்க ஆச்சியோட அம்மா எங்க வீட்டுப் பொண்ணும்மா."

அவள் ஸ்டூல் எடுத்துப் போட்டாள். சொந்தம் என்று யாரோ கல்யாணப் பத்திரிகை கொண்டுவந்திருப்பதாக நினைத்திருப்பாள். நான் மெதுவாகச் சொன்னேன். வீட்டில் பிள்ளைகள் யாராவது ஓடும்போது மயங்குவது உண்டா என்று கேட்டதும் அவள் முகம் மாறிவிட்டது.

மகள் அக்சிலியாவுக்கு எட்டு வயது. மூன்று தடவை விழுந்திருக்கிறாள், மூன்றும் ஓடும்போது. வலிப்பு என்று மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். கோவிலுக்கு நேர்ந்து மொட்டை போட்டிருக்கிறார்கள். நாலாவது தடவை வந்தால் பிழைக்காது என்று யாரோ சொன்னதிலிருந்து தான் ஒழுங்காகத் தூங்குவதில்லை என்றாள். இந்தக் கிறிஸ்துமஸ் லீவில் நீச்சல் கற்றுக்கொடுத்தால் உடம்பு தேறும் என்று பிள்ளையின் அப்பா சொல்லிக்கொண்டிருக்கிறாராம்.

பெனிட்டா பையைத் திறந்து தன் மாத்திரை அட்டையை எடுத்து அந்தப் பெண்ணின் கையில் வைத்தாள்.

"அக்கா, எனக்கும் இதான். நான் தினமும் காலையில ஒண்ணு சாப்பிடுதேன். மதுரையில டாக்டர் இருக்காவ. நான் கூட வாரேன். இது நம்ம வீட்டுல இருந்து வந்ததுக்கா."

நம்ம வீடு என்றாள்.

பிரிசில்லா அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு பெனிட்டாவைத் தலையிலிருந்து கால் வரை பார்த்தாள், உயிரோடுதான் நிற்கிறாளா என்று சரிபார்ப்பது போல. எழுந்து வாசலுக்குப் போய், மணலில் விளையாடிக்கொண்டிருந்த பிள்ளைகளைப் பார்த்து, மகளின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். மொட்டைத் தலையில் அரை அங்குலம் முடி வளர்ந்த ஒரு சின்னப் பெண் கூட்டத்திலிருந்து பிரிந்து எங்களை நோக்கி ஓடி வந்தாள்.

பெனிட்டா வாசலைத் தாண்டி இறங்கினாள். இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு, "ஓடாத மக்கா," என்றாள், "மெதுவா நடந்து வா."